கல்லூரி கொடுக்காத விளையாட்டு: 19ஆம் நூற்றாண்டில் யேல் மாணவர்கள்

கேள்வி இதுதான்: "அமெரிக்கக் கல்லூரி என்றாலே ஃபுட்பால் மைதானமும் படகுப் போட்டியும்தான் நினைவுக்கு வருகின்றன. 1800களிலும் அப்படித்தானா? அன்றைய மாணவர்கள் எப்படி வாழ்ந்தார்கள்? விளையாட்டு எப்படி அந்தக் கல்லூரிகளுக்குள் வந்தது?"

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த நூற்றாண்டின் முதல் பாதியில் அங்கே கோச் கிடையாது, கல்லூரி நடத்தும் அணி கிடையாது, விளையாட்டுக்கென்று ஒதுக்கிய மைதானமும் கிடையாது. படகு வாங்கியது, எதிரணியைக் கூப்பிட்டது, விதி எழுதியது, காசு வசூலித்தது என்று எல்லாவற்றையும் மாணவர்களே செய்தார்கள். நிர்வாகம் பல சமயம் தடுத்தது, மற்ற நேரத்தில் கண்டுகொள்ளாமல் இருந்தது. 19, 20 வயதுப் பையன்கள் ஏன் இவ்வளவு மெனக்கெட்டார்கள் என்பது அவர்களுடைய ஒரு நாள் எப்படிக் கழிந்தது என்று தெரிந்தால்தான் புரியும். எல்லாக் கல்லூரிகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாமல், நியூ ஹேவன் நகரத்தில் இருக்கும் யேல் கல்லூரியை நடுவில் வைத்துச் சொல்கிறேன். தேவைப்படும்போது ஹார்வர்டு, ஆம்ஹர்ஸ்ட், பிரின்ஸ்டன் பக்கம் போய்வருவோம்.

யேல் என்ற பெயருக்குப் பின்னால் சென்னை இருக்கிறது. எலிஹு யேல் 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் தலைவராக இருந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனி வேலையோடு சொந்த வியாபாரமும் செய்து பெரும்பணம் சேர்த்தார். முறைகேட்டுப் புகார்கள் கிளம்பிப் பதவி போனது. பல ஆண்டுகள் கழித்து, 1718இல், அவர் இங்கிலாந்திலிருந்து அனுப்பிய 417 புத்தகங்களும் ஒன்பது பொதிச் சரக்கும் மன்னர் முதலாம் ஜார்ஜின் ஓவியமும் கனெக்டிகட் போய்ச் சேர்ந்தன. பொதிகளை விற்றதில் 560 பவுண்டுக்கு மேல் கிடைத்தது. 1701இல் தொடங்கித் தள்ளாடிக்கொண்டிருந்த அந்தச் சிறு நிறுவனத்துக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்.

சரி, மாணவனின் நாளுக்கு வருவோம். 1830களில் அது மணியோசையோடு தொடங்கும். கோடையில் 5 மணி, குளிர்காலத்தில் 6 மணி. வெளியே இருட்டு, முற்றத்தில் பனி. பம்பில் தண்ணீர் அடித்து முகம் கழுவிக்கொண்டு சேப்பலுக்கு ஓடவேண்டும். ஜெபத்துக்கு வராதவர் பெயர் குறித்துக்கொள்ளப்படும். ஜெபம் முடிந்த கையோடு முதல் வகுப்பு, விளக்கு வெளிச்சத்தில். காலைச் சாப்பாடு அதற்கு அப்புறம்தான். மாலையில் மறுபடியும் ஜெபம். இந்தக் கட்டாய ஜெபத்தை ஹார்வர்டு 1886இல் கைவிட்டது. யேல் 1926 வரை விடவில்லை.

வகுப்பு என்றதும் ஒருவர் நின்று பாடம் நடத்துவதைக் கற்பனை செய்யாதீர்கள். அங்கே நடந்தது ஒப்பித்தல். டியூட்டர் என்பவர் பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு அதே கல்லூரியில் பட்டம் வாங்கிய இளைஞர். அவர் ஒரு பெயரைக் கூப்பிடுவார். பெயருக்குரியவன் எழுந்து, படித்துவரச் சொன்ன லத்தீன் வரலாற்றாசிரியர் லிவியையோ கிரேக்கக் கவி ஹோமரையோ வரிவரியாக மொழிபெயர்க்கவேண்டும். யூக்ளிடின் வடிவியல் புத்தகம் என்றால் தேற்றத்தை நிரூபிக்கவேண்டும். டியூட்டர் விளக்கம் எதுவும் சொல்லமாட்டார். கேட்டுக்கொள்வார், குறிப்பேட்டில் நான்குக்கு இத்தனை என்று போடுவார், அடுத்த பெயரைக் கூப்பிடுவார். முதல் மூன்று ஆண்டுகள் ஏறக்குறைய இதுவேதான். மாணவர்கள் இதற்கென்று ஒரு தனி அகராதியே வைத்திருந்தார்கள். தடங்கல் இல்லாமல் பொழிந்துதள்ளினால் 'ரஷ்', பாதியில் தடுமாறி எப்படியோ முடித்தால் 'ஃபிஸில்', வாயே திறக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டால் 'ஃப்ளங்க்'. இன்று உலகம் முழுக்கத் தேர்வில் தோற்பதற்குச் சொல்லும் அந்தக் கடைசிச் சொல் அக்காலக் கல்லூரிப் பேச்சில் புழங்கியது. லத்தீனுக்குத் திருட்டுத்தனமாக வைத்துக்கொள்ளும் மொழிபெயர்ப்புப் புத்தகத்துக்குப் 'போனி' என்று பெயர். நடக்கவேண்டிய தூரத்தைக் குட்டிக் குதிரையில் ஏறிக் கடப்பதல்லவா!

இந்தப் பாடத்திட்டத்தைக் கேள்வி கேட்டவர்கள் அன்றும் இருந்தார்கள். செத்த மொழிகளை விட்டுவிட்டு வாழ்க்கைக்கு உதவுவதைச் சொல்லிக்கொடுக்கக் கூடாதா என்றார்கள். அதற்குப் பதிலாக 1828இல் யேல் ஓர் அறிக்கை வெளியிட்டது. கல்லூரியின் வேலை மனத்தைப் பழக்குவதும் அதில் அறிவை நிரப்புவதும், பழக்குவதுதான் முக்கியம், அதற்கு லத்தீன், கிரேக்கம், கணிதத்தைவிடச் சிறந்த கருவி இல்லை என்பது அதன் வாதம். நாடு முழுக்கப் பல கல்லூரிகள் அதைப் பின்பற்றின. அந்த அறிக்கைக்கு முன்பே இந்த வகைக் கல்லூரியின் வார்ப்பு கடல் கடந்து போயிருந்தது: யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் 1823இல் அமெரிக்க மிஷன் தொடங்கிய செமினரியை நடத்திய டேனியல் பூர், டார்ட்மத் கல்லூரியில் படித்தவர். எனக்கு அந்த அறிக்கையின் மேல் மரியாதை உண்டு, அதை எழுதியவர்கள் நம்பிக்கையோடுதான் எழுதினார்கள். ஆனால் மனத்தைப் பற்றி அத்தனை யோசித்தவர்கள் உடம்பைப் பற்றி ஏதும் திட்டமிடவில்லை. ஜெபம், ஒப்பித்தல், படிப்பு நேரம் என்று மணியடித்துப் பிரித்த நாளில் ஓடியாட ஒரு மணிநேரம்கூடப் பாடத்திட்டத்தில் இல்லை.

அடக்கிவைத்தது வேறு வழிகளில் வெடித்தது. 1828இல் மெஸ் சாப்பாடு சரியில்லை என்று யேலில் ஒரு கிளர்ச்சி. அதற்கு 'ரொட்டி வெண்ணெய்க் கலகம்' என்று பெயர். 1830இல் நடந்தது இன்னும் பெரிது. கூம்பு வெட்டுகள் என்ற கணிதப் பாடத்தில் (கூம்பைக் குறுக்கே வெட்டினால் வரும் வளைவுகளைப் பற்றியது) அதுவரை புத்தகத்தில் உள்ள படத்தைப் பார்த்துக்கொண்டே விளக்கலாம். இனிமேல் கரும்பலகையில் நினைவிலிருந்து வரையவேண்டும் என்று உத்தரவு வந்தது. வகுப்பில் கணிசமானவர்கள் கூட்டாக மறுத்தார்கள். கல்லூரி 40க்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றியது, மற்றக் கல்லூரிகள் அவர்களைச் சேர்க்கக்கூடாது என்று கடிதமும் போட்டது. ஒரே வகுப்பில் கிட்டத்தட்டப் பாதிப் பேர்! நகரத்து ஆட்களோடு, குறிப்பாகத் தீயணைப்புப் படையினரோடு, மாணவர்கள் மோதிக்கொண்டதும் பலமுறை நடந்தது; 1854இலும் 1858இலும் அந்த மோதல்களில் உயிர் போனது. 1843இல் இரவில் கலாட்டா செய்தவர்களைப் பிடிக்கப்போன ஒரு டியூட்டர் மாணவனின் கத்திக்குத்தால் இறந்துபோனார். பழைய கல்லூரி என்றால் அமைதியான ஆசிரமம் என்று நினைப்பவர்களுக்காகத்தான் இதையெல்லாம் சொல்கிறேன்.

ஆனால் வெடித்தது வன்முறை மட்டும் இல்லை. மாணவர்கள் தங்களுக்கென்று இன்னொரு கல்லூரியையே உள்ளே கட்டிக்கொண்டார்கள். லினோனியா (1753), பிரதர்ஸ் இன் யூனிட்டி (1768) என்ற இரண்டு இலக்கியச் சங்கங்கள் யேலில் இருந்தன. விவாதம், கட்டுரை, நாடகம் எல்லாம் அங்கேதான். கல்லூரி நூலகத்தில் இறையியலும் பண்டைய மொழிகளும். நாவல், கவிதை, அன்றைய அரசியல் வேண்டுமென்றால் இந்தச் சங்கங்களின் நூலகங்கள். பிறகு 1832இல் ஸ்கல் அண்ட் போன்ஸ் போன்ற ரகசியச் சங்கங்கள் வந்தன. இரண்டாமாண்டு மாணவர்கள் யூக்ளிடை முடித்ததும் நள்ளிரவில் தீப்பந்தங்களோடு ஊர்வலம் போய்ப் புத்தகத்துக்கு இறுதிச்சடங்கு செய்வார்கள். காய்ச்சிய இரும்புக் கம்பியால் அதைத் துளைப்பார்கள், இரங்கல் உரை வாசிப்பார்கள், கொளுத்துவார்கள். கல்லூரிக்கு முன்னால் தெருவோரம் ஓடிய மரவேலி இன்னொரு நிறுவனம். எந்த ஆண்டு மாணவர் அதில் எந்தப் பகுதியில் உட்காரலாம் என்பதற்கு எழுதாத சட்டம் இருந்தது. முதலாண்டுப் பையன் உட்காரக்கூடாது. மாலை நேரம் முழுக்க அந்த வேலிமேல்தான் பாட்டும் அரட்டையும். இந்த வேலியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டும் இதே உள் கல்லூரியின் ஒரு பகுதியாகத்தான் முளைத்தது. தொடக்கம் தண்ணீரில். 1843இல் யேல் மாணவர்கள் சேர்ந்து காசு போட்டு ஒரு பழைய படகை வாங்கி, அமெரிக்காவின் முதல் கல்லூரிப் படகுக் குழுவைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே ஹார்வர்டும். ஒன்பது ஆண்டுகள் கழித்து இரண்டும் மோதின. அந்தப் போட்டிக்கு யோசனை சொன்னவர் ஒரு ரயில்வே அதிகாரி. நியூ ஹாம்ஷயர் மலைப்பகுதியில் வின்னிப்பசாக்கி ஏரியை ஒட்டிப் புதிதாக ரயில் பாதை போட்டிருந்தார்கள். பயணிகள் வரவேண்டும். "ஏரியில் ஒரு போட்டி நடத்துங்கள், செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றார் அவர். 1852 ஆகஸ்ட் 3ஆம் தேதி போட்டி நடந்தது. கை கொப்பளித்துவிடும் என்று பயந்து ஹார்வர்டு குழுவினர் அதற்கு முன் சில தடவைதான் துடுப்புப் போட்டிருந்தார்கள். அவர்களுடைய 'ஒனைடா' படகுதான் ஜெயித்தது. வெள்ளிப் பூண் போட்ட துடுப்புகளைப் பரிசாகக் கொடுத்தவர் ஃபிராங்கிளின் பியர்ஸ்; அந்த ஆண்டு நவம்பரில் அவர் நாட்டின் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இரண்டு அமெரிக்கக் கல்லூரிகள் விளையாட்டில் மோதிய முதல் சந்தர்ப்பம் அது. ரயில் கம்பெனி விளம்பரத்துக்குக் காசு போடுகிறது, அரசியல்வாதி மேடையேறுகிறார், கூட்டம் ரயிலேறி வருகிறது. கல்லூரி விளையாட்டில் வணிகம் பின்னால் வந்து புகுந்தது என்று சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். முதல் நாளே கூடவே வந்தது.

ஏழு ஆண்டுகள் கழித்து பேஸ்பால். 1859 ஜூலை 1ஆம் தேதி மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிட்ஸ்ஃபீல்டில் ஆம்ஹர்ஸ்டும் வில்லியம்ஸும் மோதின. அணிக்கு 13 பேர். ஆம்ஹர்ஸ்ட் 73, வில்லியம்ஸ் 32. அடுத்த நாள் அதே இரண்டு கல்லூரிகளும் சதுரங்கம் ஆடின, அதிலும் ஆம்ஹர்ஸ்டுக்கு வெற்றி. உடலையும் மூளையையும் சேர்த்தே பந்தயத்தில் வைத்தார்கள் என்பது எனக்குப் பிடித்த விஷயம். ஆம்ஹர்ஸ்டின் பேஸ்பால் அணியில் பந்து வீசியவர் மாணவரே இல்லை, காசு கொடுத்துக் கூட்டிவந்த ஊர்க் கொல்லர் என்று ஒரு புரளியும் கிளம்பியது. வெளியாளைக் கொண்டுவந்தார்கள் என்ற புகார் அத்தனை பழையது!

ஆம்ஹர்ஸ்டைப் பற்றிச் சொல்லும்போது ஒரு மாற்றுப் பாதையையும் சொல்லவேண்டும், ஏனென்றால் அங்கே கல்லூரியே உடம்பைப் பற்றி யோசித்தது. 1826இல் ஹார்வர்டில் ஜெர்மானிய அகதி சார்லஸ் ஃபோலன் திறந்தவெளி உடற்பயிற்சிக் களம் அமைத்துப் பார்த்தார். சில ஆண்டுகளில் ஆர்வம் வடிந்துவிட்டது. 1850களில் ஆம்ஹர்ஸ்டின் தலைவர் வில்லியம் ஸ்டெர்ன்ஸ், ஒவ்வொரு வசந்தத்திலும் நல்ல மாணவர்கள் உடல்நலம் குலைந்து படிப்பை விடுவதையும் சிலர் இறப்பதையும் பார்த்து மனம் நொந்தார். பாரெட் ஜிம்னாசியத்தைக் கட்டி, 1861இல் டாக்டர் எட்வர்ட் ஹிட்ச்காக்கைப் பேராசிரியராக அமர்த்தினார்கள். வாரத்துக்கு நான்கு நாள், அரைமணி நேரம், எல்லா மாணவருக்கும் கட்டாயம். லேசான மர டம்பெல்லைக் கையில் பிடித்துக்கொண்டு பியானோ இசைக்கு ஏற்ப வகுப்பு முழுவதும் ஒரே தாளத்தில் அசையும். ஹிட்ச்காக் ஒவ்வொரு மாணவனின் உயரம், எடை, மார்புச் சுற்றளவு, கைச் சுற்றளவு, பலம் எல்லாவற்றையும் அளந்து எழுதி வைத்தார். 1911இல் சாகும்வரை அந்தப் பதவியில் இருந்தார். 50 ஆண்டுகள்! எந்த மாணவனையும் விட்டுவிடாமல், பலவீனமானவனையும் சேர்த்துக்கொண்டு நடந்த ஏற்பாடு இது. என்னைக் கேட்டால் அந்த நூற்றாண்டின் கல்லூரிகள் உடம்புக்காகச் செய்ததில் இதுதான் மிக நல்ல காரியம். ஆனால் இதைப் பார்க்க யாரும் ரயிலேறி வரவில்லை.

இனி ஃபுட்பால். நம் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம். கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஒரு விளையாட்டையே மாணவர்கள் கண்முன்னால் உருவாக்கிய கதை இது.

முதலில் அது விளையாட்டே இல்லை, புதிதாக வந்தவர்களை உதைக்கும் சடங்கு. ஆண்டுத் தொடக்கத்தில் முதலாண்டுக்காரர்களும் இரண்டாமாண்டுக்காரர்களும் ஒரு பந்தைச் சாக்காக வைத்து அடித்துக்கொள்வார்கள். ஹார்வர்டில் அதற்கு 'ரத்தத் திங்கட்கிழமை' என்று பெயர். 1860இல் ஹார்வர்டு ஆசிரியர்கள் அதைத் தடை செய்தபோது மாணவர்கள் பந்தைப் பெட்டியில் வைத்து, குழி தோண்டி, இரங்கல் உரையோடு புதைத்தார்கள். யேலில் ஊர்ப் பொதுத்திடலில் நடந்த ஆட்டத்தை 1850களின் இறுதியில் நகர நிர்வாகம் நிறுத்தியது.

உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு அது வேறு உருவில் திரும்பியது. 1869 நவம்பர் 6ஆம் தேதி நியூ ஜெர்சி மாநிலத்தின் நியூ பிரன்ஸ்விக்கில் ரட்கர்ஸும் பிரின்ஸ்டனும் ஆடியதைத்தான் முதல் கல்லூரி ஃபுட்பால் ஆட்டம் என்பார்கள். பக்கத்துக்கு 25 பேர், பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடக்கூடாது. நாம் இன்று கால்பந்து என்று சொல்வதற்கு நெருக்கமான ஆட்டம். ரட்கர்ஸ் 6, பிரின்ஸ்டன் 4. ஹார்வர்டு மட்டும் தனிவழி போனது. 1874இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்து மாணவர்களோடு ரக்பி ஆடிப் பார்த்தார்கள். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் அந்த ஆட்டம் பிடித்துப்போனது. 1875இல் அந்தப் பாணியில் யேலை நியூ ஹேவனிலேயே நான்கு கோலுக்குப் பூஜ்யம் என்று தோற்கடித்தார்கள். அடுத்த ஆண்டு ஸ்பிரிங்ஃபீல்டில் மாணவப் பிரதிநிதிகள் கூடி ரக்பி விதிகளையே அடிப்படையாக ஏற்றார்கள். அந்தக் கூட்டத்தில் முடிவெடுத்தவர்கள் மாணவர்கள். எந்தப் பேராசிரியரும் கையெழுத்துப் போடவில்லை.

பெரியவர்கள் இதை எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு 1873இல் கார்னெல் தலைவர் ஆண்ட்ரூ ஒயிட் சொன்னதாக வழங்கும் பதில் போதும். மிச்சிகனோடு ஆட கிளீவ்லாந்து போக மாணவர்கள் அனுமதி கேட்டார்கள். காற்றடைத்த ஒரு பையை அலைக்கழிப்பதற்காக 30 பேரை 400 மைல் அனுப்பமாட்டேன் என்றார் அவர்.

1876இல் யேலில் சேர்ந்தவர் வால்டர் கேம்ப். நியூ ஹேவன் பக்கத்துப் பையன். ஆடிக்கொண்டே விதிகளை மாற்றிக்கொண்டு போனார். ரக்பியில் இரண்டு பக்கமும் குவியலாக நின்று முட்டித் தள்ளும்போது பந்து எந்தப் பக்கம் வெளியே வரும் என்று யாருக்கும் தெரியாது. கேம்ப் 1880இல் அதை மாற்றினார்: பந்து ஓர் அணியின் கையில் இருக்கும், நடுவில் நிற்பவர் அதைப் பின்னால் தள்ளுவார், அங்கிருந்து ஆட்டம் தொடங்கும். அணிக்கு 15 பேர் என்பது 11 ஆனது. பந்து யாரிடம் என்று தெரிந்தபிறகு முன்கூட்டியே திட்டம் போடலாம்; அமெரிக்க ஃபுட்பாலின் அத்தனை தந்திரமும் அங்கிருந்து பிறந்தது.

அதில் ஓர் ஓட்டை இருந்தது. கையில் கிடைத்த பந்தை விடவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. 1881இல் யேலும் பிரின்ஸ்டனும் ஆளுக்கு ஒரு பாதி ஆட்டம் முழுக்கப் பந்தைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, பூஜ்யத்துக்குப் பூஜ்யம் என்று முடித்தன. பார்க்க வந்தவர்கள் கொதித்துப்போனார்கள். மறு ஆண்டு புதிய விதி வந்தது: மூன்று முயற்சிக்குள் ஐந்து கஜம் முன்னேறவேண்டும், இல்லாவிட்டால் பந்து எதிரணிக்கு. ஐந்து கஜத்தை அளக்க மைதானத்தில் குறுக்கே கோடு போட்டார்கள். வாட்டும் கம்பித்தட்டு மாதிரி தெரிந்ததால் 'கிரிட்அயர்ன்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

கேம்ப் பிறகு ஒரு கடிகாரக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். பயிற்சி நேரத்தில் அவருக்கு அலுவலகம். அதனால் அவர் மனைவி ஆலிஸ் மைதானத்துக்குப் போய், யார் எங்கே தவறினார் என்று குறிப்பெடுத்து வருவார். இரவில் அணித் தலைவரும் முக்கிய ஆட்டக்காரர்களும் கேம்ப் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பேசுவார்கள். 1888இல் அந்த அணி எடுத்த புள்ளிகள் 698, எதிரணிகள் எல்லாம் சேர்ந்து எடுத்தது பூஜ்யம். அந்த ஆண்டுப் பயிற்சியில் ஆலிஸுக்குப் பெரிய பங்கு உண்டு என்பதைக் கேம்பைக் கொண்டாடும் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

அன்று முடிவுகள் எல்லாம் மாணவத் தலைவன் கையில்தான். கோச் என்பவர் ஆலோசகர், அவ்வளவுதான். படகுக் குழுவின் தலைவர் பாப் குக், யேல் தொடர்ந்து தோற்பது பொறுக்காமல் 1872-73 குளிர்காலத்தில் தானே இங்கிலாந்து போய் அங்கே எப்படித் துடுப்புப் போடுகிறார்கள் என்று கற்றுக்கொண்டு வந்தார். கல்லூரி அனுப்பிவைக்கவில்லை. படிப்பை நடுவில் விட்டுவிட்டுப் போனார்.

இந்தப் பையன்கள் யார் என்ற கேள்வியையும் தாண்டிப் போகக்கூடாது. பெரும்பாலும் வெள்ளையர், புராட்டஸ்டண்ட், ஆண்கள். ஆனால் 1880, 1881 இரண்டு ஆண்டும் ஹார்வர்டை வென்ற யேல் படகில் சுக்கான் பிடித்துக் குரல் கொடுத்தவர் சுங் முன்-யூ, சீன அரசு அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பிய 120 சிறுவர்களில் ஒருவர். 1881லேயே சீன அரசு அவர்களைத் திருப்பி அழைத்துக்கொண்டது. வர்ஜீனியாவில் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்களின் மகன் வில்லியம் ஹென்றி லூயிஸ் 1891இல் ஆம்ஹர்ஸ்ட் ஃபுட்பால் அணிக்குத் தலைவர். பிறகு ஹார்வர்டு சட்டப் படிப்புக்குப் போய் அங்கும் ஆடி, 1892இலும் 1893இலும் நாட்டின் சிறந்த பதினொருவர் பட்டியலில் இடம்பிடித்தார். அந்தப் பட்டியலில் வந்த முதல் கறுப்பினத்தவர் அவர்தான். பெண்கள் கல்லூரியான வாசரில் 1866லேயே, கல்லூரி திறந்த மறு ஆண்டே, நீண்ட பாவாடையோடு பேஸ்பால் குழுக்கள் அமைத்து ஆடினார்கள். 1896இல் ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் மகளிர் கூடைப்பந்தில் மோதியபோது ஆண்களை உள்ளேயே விடவில்லை.

கூடைப்பந்து என்றதும் ஒரு பெயர் சொல்லியாகவேண்டும்: அமோஸ் அலோன்சோ ஸ்டாக். பணமில்லாத வீட்டுப் பையன், யேலில் கணப்பு இல்லாத மாடி அறையில் தங்கிப் படித்தவர், போதகராக விரும்பியவர். பேஸ்பாலில் பந்து வீசும் திறமைக்காகத் தொழில்முறை அணிகள் கூப்பிட்டன, போகவில்லை. 1888 ஃபுட்பால் அணியிலும் இருந்தார். பிறகு ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளிக்குப் போனார். அங்கேதான் 1891 டிசம்பரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் பீச் பழக் கூடைகளை ஆணியடித்து மாட்டிக் கூடைப்பந்தைத் தொடங்கினார். 1892 மார்ச்சில் பொதுமக்கள் முன் நடந்த முதல் ஆட்டத்தில் மாணவர்கள் ஆசிரியர்களை 5-1 என்று வென்றார்கள். ஆசிரியர் பக்கத்தின் ஒரே புள்ளி ஸ்டாக் போட்டது. அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நந்தனத்தில் இன்றும் இருக்கிறது.

1890களுக்கு வந்தால் காட்சியே வேறு. நவம்பர் கடைசியில் வரும் நன்றி நவிலல் விடுமுறை நாளில் நியூயார்க்கில் யேலும் பிரின்ஸ்டனும் ஆடினால் ஊரே திரளும். 1893இல் சுமார் 40,000 பேர். 1892 நவம்பரில் பிட்ஸ்பர்க் பக்கத்துக் கிளப் ஒன்று யேலின் முன்னாள் வீரர் ஹெஃபல்ஃபிங்கருக்கு ஒரே ஆட்டத்துக்கு 500 டாலர் கொடுத்தது; காசு வாங்கி ஆடியதற்குக் கணக்கேட்டில் ஆதாரம் உள்ள முதல் ஃபுட்பால் ஆட்டக்காரர் அவர். அதே ஆண்டு ஹார்வர்டு 'பறக்கும் ஆப்பு' என்ற வியூகத்தைக் கொண்டுவந்தது. அதை யோசித்துக் கொடுத்த லோரின் டெலண்ட் ஃபுட்பால் ஆடியதே இல்லை, சதுரங்கப் பிரியர். இரண்டு பக்கத்திலிருந்தும் ஓடிவந்து ஆப்பு வடிவில் ஒன்றுசேர்ந்து, முழு வேகத்தில் எதிரணியின் ஒரு ஆளைக் குறிவைத்து மோதுவார்கள். தலையில் கவசம் கிடையாது. 1894இல் ஸ்பிரிங்ஃபீல்டில் ஹார்வர்டும் யேலும் ஆடிய ஆட்டத்தில் இருபக்கமும் பலர் மோசமாக அடிபட்டார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகள் அந்தப் போட்டியே நடக்கவில்லை.

மாணவர் கையில் இருந்த விளையாட்டு அவர்கள் கையைவிட்டு நழுவியதும் இந்தக் காலத்தில்தான். டிக்கெட் பணம் பெருகியது, அதைப் பார்த்துக்கொள்ள நிரந்தரமான ஆள் தேவைப்பட்டது, பழைய மாணவர்கள் உள்ளே வந்தார்கள். யேலில் கேம்பின் பொறுப்பில் இருந்த சேமிப்பு நிதி 1 லட்சம் டாலரை எட்டியிருந்தது என்பது 1900களின் தொடக்கத்தில் வெளியே தெரிந்தபோது பெரிய சர்ச்சையானது. 1892இல் சிகாகோ பல்கலைக்கழகம் ஸ்டாக்கைச் சம்பளமும் பேராசிரியர் தகுதியும் கொடுத்து அழைத்துக்கொண்டது. மாணவத் தலைவன் முடிவெடுத்த இடத்தில் கோச் வந்து உட்கார்ந்தார். 1905இல் ஃபுட்பாலில் 18 பேர் இறந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டுப் பேசினார். 1906இல் பந்தை முன்னால் எறியலாம் என்ற விதி வந்தது, கல்லூரிகள் சேர்ந்து ஒரு கட்டுப்பாட்டு அமைப்பையும் உண்டாக்கின. அந்த அமைப்பில் மாணவர்களுக்கு இடம் இல்லை.

அந்த வேலி என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே. 1888இல் அந்த மூலையில் ஆஸ்போர்ன் ஹால் என்ற வகுப்புக் கட்டடம் எழுப்ப யேல் முடிவெடுத்தது. பழைய மாணவர்கள் ஏராளமானோர் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தார்கள். கேட்கவில்லை, வேலி பிடுங்கப்பட்டது. ஊரில் பாக் பிரதர்ஸ் என்ற புகைப்பட நிலையம் இருந்தது. வேலியின் ஒரு துண்டு அங்கே போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு யேலின் ஒவ்வொரு அணித் தலைவனும் அந்த நிலையத்துக்குப் போய், வரைந்து மாட்டிய திரைக்கு முன்னால், அந்தத் துண்டின் மேல் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வது வழக்கமாயிற்று.